இரவல் வடக்கு

நோர்ட்ஃபெல்ட் விமான நிலையத்தில் வழி காட்டும் பலகை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தனவாம். ஆறு முனையங்களும் முந்நூற்றுச் சொச்சம் வாசல்களும் கொண்ட அந்தக் கட்டடத்தின் சுவர்கள் நகரத் தொடங்கியபோது, பலகைகள் சொன்னதெல்லாம் பொய்யாகிப்போக, ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள். கூட்டம் சேர்ந்தால் கூடம் அகலும். கூட்டம் கலைந்தால் அதே கூடம் ஒரு சந்தாகச் சுருங்கும். காலையில் கழிப்பறை இருந்த இடத்தில் மத்தியானம் காபிக் கடை இருக்கும். ஐரோப்பாவிலேயே பெரிய விமான நிலையம் இதுதான் என்று அதைக் கட்டியவர்களுக்குப் பெருமை. அதற்குள் நடந்து கடக்க வேண்டியவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

ஜெசிந்தா திண்டாடிக்கொண்டிருந்தாள். மூடுபனியால் அவள் வந்த விமானம் ஐம்பது நிமிடம் தாமதம். இப்போது மணி ஒன்று நாற்பது. நோர்வேயின் வடக்கிலுள்ள ட்ரோம்சோவுக்குப் போகும் விமானம் இரண்டு நாற்பதுக்கு. இரண்டு முப்பதுக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். வடக்கே போக இன்றைக்கு அதுதான் கடைசி.

தூத்துக்குடியில் அவள் பதினோரு வருடமாகத் தபால் கொடுக்கிறவள். கதவு எண் இல்லாத கடிதத்தையும், பாதி அழிந்த முகவரியையும், கேட்டுக் கேட்டு உரியவர் கையில் சேர்த்துவிடுவாள். அவளுக்கு ஊரே கடலை வைத்துத்தான். கடல் கிழக்கே, மற்றதெல்லாம் அதிலிருந்து. மேசைமேல் இருக்கிற தம்ளரைக்கூட ‘கொஞ்சம் மேக்க தள்ளி வை’ என்று சொல்கிற ஊர் அது. இங்கே ஜன்னலும் இல்லை, கடலும் இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக எது கிழக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

கைப்பேசியைப் பார்த்து இரண்டு முறை நடந்தாள். இரண்டு முறையும் ஒரு வெள்ளைச் சுவரில் போய் முட்டி நின்றாள். கடைசியில் நீலச் சட்டைக்காரப் பெண் ஒருத்தி அவளுடைய பயணச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘தமிழா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டு, கையைப் பிடித்து ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போனாள்.

அறையில் சாய்வு நாற்காலி ஒன்று. அதில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் தேநீர்க் கோப்பையோடு. முன்தலை வழுக்கை, அகலமான தோள்கள்.

“வாங்கோ, இருங்கோ. குகதாசன் எண்டு பேர். எங்கையிருந்து வாறியள்?”

அந்தத் தமிழைக் கேட்டதும் ஜெசிந்தா மூச்சுவிடாமல் சொன்னாள். “தூத்துக்குடிண்ணே. ரெண்டு நாப்பதுக்கு பிளைட்டு. இந்தப் போனு காட்டுற வழி எல்லாம் சுவத்துலதாண்ணே போயி முட்டுது.”

“போன் காட்டுறது பத்து நிமிசத்துக்கு முந்தின வழி. சுவர் அதுக்குள்ள எழும்பிப் போயிடும்.” அவர் சிரித்தார். “பயப்பிடாதேங்கோ. வழியை நான் தாறன்.”

“நீங்க கூட வருவியளா?”

“நான் வரமாட்டன். என்ர திசை வரும்.”

அவள் விழித்தாள். அவர் பக்கத்து மேசையிலிருந்து இரண்டு துணிப்பட்டைகளை எடுத்தார். நெற்றியில் கட்டுகிறவை, உள்பக்கம் காசு அளவில் சில உலோகப் பொட்டுகள்.

“மனிசன்ர மண்டைக்குள்ள திசை தெரிஞ்ச இடம் ஒண்டு இருக்கு. எந்தப் பக்கம் வடக்கு, கதவு எங்க, வந்த வழி எது எண்டு பாத்துக்கொண்டே இருக்கும். அதை ஒருத்தரிட்ட இருந்து எடுத்து இன்னொருத்தருக்கு ஒரு மணித்தியாலம் இரவல் குடுக்கலாம். நான் இஞ்ச பதினெட்டு வருசம் சாமான் வண்டி ஓட்டினனான். இந்தச் சுவர் எல்லாத்தின்ர பழக்கவழக்கமும் எனக்குத் தெரியும். பிறகு வண்டி தானா ஓடத் தொடங்கிட்டுது. என்னட்ட மிஞ்சினது வழி மட்டும்தான்.”

“தமிழ் ஆளுக்குத் தமிழ் ஆளுதான் குடுக்கணுமோ?”

“மொழி ஒண்டா இருந்தா லேசாப் பிடிக்கும். தமிழுக்கு முந்தி ரெண்டு பேர் இருந்தம். யோகராசா, நான். இப்ப நான் மட்டும்.”

“அவருக்கு என்ன?”

குகதாசன் கோப்பையைக் கீழே வைத்தார். “வாங்கிக்கொண்டு போனவர் திருப்பித் தராமல் பிளேன் ஏறிட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல போனா, இரவல் கரைஞ்சு போயிடும் தங்கச்சி. வாங்கினவருக்கும் இல்லை, குடுத்தவருக்கும் இல்லை. யோகராசாவை இப்ப அவற்ர மனிசி கட்டில்ல இருந்து குளியலறைக்குக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறா. கண் நல்லாத் தெரியும். ஆனா எங்க நிக்கிறார் எண்டு தெரியாது.”

ஜெசிந்தா பட்டையைக் கையில் வாங்காமல் பின்னுக்கு நகர்ந்தாள். “அப்ப எனக்கு வேண்டாம்ணே. நான் கேட்டுக் கேட்டுப் போய்க்கிடுதேன்.”

“இஞ்ச ஆரைக் கேப்பியள்? ஒருத்தருக்கும் தெரியாது. கேக்கிறதே மறந்துபோச்சு. அப்பிடி என்ன அவசரம் உங்களுக்கு?”

அவள் சொன்னாள். மாறி மாறி விமானத்திலேயே பதினாறு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள், முதல்முறையாக ஒரு மனிதரிடம் சொன்னாள். தங்கை ரோஸ்லின் ட்ரோம்சோவில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். நாலு மாதத்துக்கு முன் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. புருஷன் என்று இருந்தவன் எப்போதோ போய்விட்டான். ஆறு வயதுப் பிள்ளை அனிஷா ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறாள்.

“நல்ல மனுசங்கதாண்ணே, குத்தம் சொல்லக் கூடாது. அவங்களே பிள்ளைய வச்சிக்கிடுதோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ரத்த சொந்தம் யாராவது நேர்ல வந்து கேட்டா, அத முதல்ல விசாரிப்போம்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணி. வீடியோவுல எல்லாம் முடியாதாம். விசா கெடைக்கவே நாலு மாசம் ஆயிட்டு.”

குகதாசன் ஒரு பட்டையைத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டார். மற்றதை அவளிடம் நீட்டினார்.

“ஒவ்வொரு வாசலுக்குப் பக்கத்திலயும் ஒரு வெள்ளைத் தூண் நிக்கும். அதில நெத்தியை வச்சா ஒரு நிமிசத்தில எனக்குத் திரும்பி வந்திடும். அதுக்குப் பிறகு பிளேனுக்குள்ள ஏறுங்கோ. கட்டுங்கோ, கெதியா.”

கட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அடைத்திருந்த காது சட்டென்று திறந்துகொள்வதுபோல, கட்டடம் முழுவதும் அவளுக்குள் திறந்தது. வடக்கு அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஐந்தாம் முனையத்தின் மேல்தளம், அதற்குப் போகும் ரயில், இன்னும் நாலு நிமிடத்தில் அகலப்போகிற கூடம், எல்லாம் தன் வீட்டு அடுக்களைபோலத் தெரிந்தது.

“ஏயம்மா…” என்றாள்.

அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். குகதாசன் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்திருந்தார். அவருடைய கண்கள் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தன, நடுக்கடலில் கண்விழித்தவருடைய கண்கள் மாதிரி. கோப்பை வலப்பக்கம் ஒரு முழத்தில் இருந்தது. அவர் கையை இடப்பக்கம் நீட்டித் துழாவினார். ஜெசிந்தா கோப்பையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

“நன்றி. கதவு எந்தப் பக்கம் எண்டு எனக்கு இப்ப தெரியாது. உங்களுக்குத் தெரியும். போயிட்டு வாங்கோ,” என்றார்.

மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

அவள் நடந்த நடையை அவளே நம்பவில்லை. பயணிகள் கூட்டம் மந்தையாக ஒரு பக்கம் போக, அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். சுவர் ஒன்று அவளுக்காகவே விலகுவதுபோல விலகியது. குகதாசனின் திசையோடு வேறு சில தகவல்களும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. எந்தக் குழாயில் தண்ணீர் சில்லென்று வரும், எந்தப் படிக்கட்டின் அடியில் கால் நீட்டி உட்காரலாம், மூன்றாம் முனையத்தில் ஒரே ஒரு ஜன்னல் எங்கே இருக்கிறது. அந்த ஜன்னலைத் தாண்டும்போது கண நேரம் நின்றாள். வெளியே ஈரமான புல், அதற்கு அப்பால் மங்கலாக ஓர் ஆறு. பதினெட்டு வருடம் அந்த மனிதர் இங்கே நின்றுதான் வெளியே பார்த்திருப்பார். முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுச் சாவியையும் கையில் கொடுத்ததுபோல இருந்தது அவளுக்கு.

இரண்டு பத்துக்கு வாசலை அடைந்தாள். வாசல் இருந்தது, விமானம் இல்லை. அதை வேறு வாசலுக்கு மாற்றியிருப்பதாகக் கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. அதனால் என்ன, அவளுக்கு வழி தெரியுமே! ஐந்து திருப்பம், ஆறு நிமிடம். கடைசித் திருப்பத்தில் இன்று காலைதான் திறந்த கூடம் ஒன்று. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அங்கே மேசைக்குப் பின்னால் இளைஞன் ஒருவன் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றது. மணி இரண்டு பதினாறு. ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

“வெள்ளைத் தூண் எங்கே?” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். “இங்கே இன்னும் வைக்கவில்லை. பழைய வாசலில்தான் இருக்கிறது. நீங்கள் ஏறுங்கள், பரவாயில்லை. இதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது.”

“என்ன படிவம்?”

“இரவல் திரும்பாததற்கான படிவம். கையெழுத்துப் போட்டால் போதும். நிர்வாகம் அவரைப் பார்த்துக்கொள்ளும்.” அவன் கெட்டவன் இல்லை. அவளுக்கு உதவத்தான் நினைத்தான். “வாரத்துக்கு ஒருவராவது போடுகிறார்கள், அம்மா.”

படிவத்தைப் பார்த்தாள். பெயர் எழுத ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு. பதினோரு வருடத்தில் பதிவுத் தபாலை அவள் ஒருமுறைகூட மாற்றுக் கையில் கொடுத்தது கிடையாது. மழையில் மூன்று முறை அலைந்து, நாலாம் முறை உரியவர் கையில் கொடுத்திருக்கிறாள். இது கடிதம்கூட இல்லை. ஒரு மனிதர் எழுந்து கதவுக்குப் போகிற வழி.

பழைய வாசலுக்கு ஆறு நிமிடம். தூணில் ஒரு நிமிடம். திரும்பி வர ஆறு. இரண்டு முப்பதுக்குள் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும். கணக்கு சரிதான். ஆனால், ஓடத் தொடங்கி முதல் திருப்பத்துக்கு வந்தபோது அவளுக்கு உறைத்தது. திசையைக் கொடுத்த பிறகு, திரும்பி வர அவளிடம் திசை இருக்காது.

அங்கே ஒருத்தி தன் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அவள் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

“நான் இப்போது திரும்பி வருவேன். எனக்கு வழி தெரியாது. என்னைப் பார்த்ததும், இந்தப் பக்கம் என்று கை காட்டுவீர்களா?” பாதி ஆங்கிலம், மீதி கை.

அந்தப் பெண் ஒரு கணம் திகைத்தாள். அவளிடம் யாரும் வழி கேட்டே பல வருடம் ஆகியிருக்கும். பிறகு தலையாட்டி, குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றி, கையைக் காலியாக்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது திருப்பத்தில் கோட்டு போட்ட ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அவரை உலுக்கி எழுப்பினாள். மூன்றாவதில், பெரிய வாத்தியப் பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள்; அவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார்கள். நாலாவதில் தரை துடைக்கிறவர் ஒருவர். ஆங்கிலம் எடுபடவில்லை. ஜெசிந்தா தன்னைச் சுட்டினாள், ஓடிக் காட்டினாள், விழித்துக் காட்டினாள், அவர் கையைப் பிடித்து, தான் வந்த பக்கம் நீட்டிவைத்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். புரிந்துவிட்டது. ஐந்தாவதில், ரொட்டி தின்றுகொண்டிருந்த விமானி ஒருவர். அவர் வாய் நிறைய ரொட்டியோடு சல்யூட் அடித்தார்.

தூண் இருந்தது. நெற்றியை வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அந்த ஒரு நிமிடம் அவளுக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. ஜார்ஜ் ரோட்டுப் பக்கத்துச் சந்து, மாடிப்படி, அனிஷாவுக்கென்று ஒழித்து வைத்திருக்கும் சின்ன அறை. அந்தப் பிள்ளை அந்தப் படியில் ஏறி வருமா?

தூணில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் ஒரே வெள்ளை. இதில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாள் என்பதே தெரியவில்லை. ஓர் அடி வைத்து, நின்றாள். அப்போது, அதோ, ஒரு தொப்பி உயர்ந்தது. விமானி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஓடுபாதையில் விமானத்துக்குச் சைகை காட்டுகிறவர்போல இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா ஓடினாள்.

அடுத்த திருப்பத்தில் அவள் விட்டுப்போன சந்து இல்லை. சுவர் நகர்ந்துவிட்டது. “ஐயோ மாதாவே” என்று நின்றவளுக்கு விசில் சத்தம் கேட்டது. இருபது அடி தள்ளி, புதிதாகத் திறந்திருந்த இடைவெளியில் தரை துடைக்கிறவர் நின்றிருந்தார். சுவரோடு சுவராகத் தானும் நகர்ந்து வந்திருக்கிறார். துடைப்பத்தைச் சுவருக்குக் குறுக்கே முட்டுக்கொடுத்து, ‘வா, வா’ என்று உள்ளே காட்டினார். தாண்டும்போது அவருடைய தோளைத் தொட்டு, “நல்லா இருப்பீங்கய்யா” என்றாள். அவருக்கு அது எந்த மொழி என்றே தெரிந்திருக்காது.

வாத்தியப் பெட்டிக்காரிகள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதற்கடுத்த பெஞ்சில் கோட்டுக்காரர் இல்லை. அவருடைய விமானத்துக்கு நேரமாகிவிட்டது போல. ஜெசிந்தா நின்றுவிட்டாள். ஆனால் அந்த இடத்தில் வேறொரு பெண்மணி, நரைத்த தலை, மடியில் நூல்கண்டு, ஒரு கையை நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கென்று அவருக்குச் சரியாகத் தெரியுமோ என்னவோ, போகிற மனிதர் தன் வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரும் அதைச் செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் குழந்தைக்காரி. குழந்தை தூங்கிவிட்டது. அதனால் அவள் கத்தவில்லை; கையை மட்டும், தெளிவாக, வலப்பக்கம் காட்டினாள்.

மேசைக்கார இளைஞன் கதவின் கைப்பிடியில் கை வைத்து நின்றிருந்தான். மணி இரண்டு முப்பத்தொன்று. கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கதவைத் திறந்துவிட்டான். படிவத்தைக் கசக்கிக் கூடையில் போட்டதை அவள் பார்த்தாள்.

இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிய பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது.

எல்லாம் போகவில்லை. ஒரு வழி உள்ளே மிச்சம் இருந்தது. இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற வழி இல்லை. ஊழியர் வாசலிலிருந்து ஏழாம் எண் டிராம். ஆற்றுப் பாலம் தாண்டி மூன்றாவது நிறுத்தம். சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே போகிற தெரு. நாலாம் மாடி, இடப்பக்கக் கதவு. அந்தக் கதவைக் கொஞ்சம் தள்ளித் திறக்க வேண்டும் என்பதுகூட அவளுடைய தோளுக்குத் தெரிந்தது.

அது குகதாசனின் வீட்டுக்குப் போகிற வழி.

பயணச் சீட்டின் பின்புறம் அச்சிட்டிருந்த உதவி எண்ணை அழைத்தாள். நீலச் சட்டைக்காரப் பெண் எடுத்து, அவரிடம் கொடுத்தாள்.

“தங்கச்சி! பிளேனைப் பிடிச்சிட்டியளோ?” குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. “எல்லாம் வந்திட்டுது. கதவு அங்கதான் நிக்குது. தேத்தண்ணி ஆறிப்போச்சு, அதுவும் வலக்கைப் பக்கம்தான் நிக்குது. நன்றி, என்ன? ஆக்கள் இப்பிடித் திரும்பி ஓடி வாறது குறைவு.”

“அண்ணே, ஒண்ணு கேக்குதேன். நீங்க வீட்டுக்கு எப்படிப் போவீங்க?”

“அதென்ன கேள்வி? வெளியால போய்…” அவர் நிறுத்தினார். விமானத்தின் கதவை அடைக்கும் சத்தம் கேட்டது.

“வெளியால போய்?” என்றாள் மெதுவாக.

“தெரியேல்ல.” பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில் கேட்டார்: “தூணில நெத்தி வைக்கேக்க நீங்க வீட்டை நினைச்சியளோ?”

“ஆமாண்ணே. பிள்ளைக்கு ஒழிச்சு வச்ச ரூமை நெனச்சேன்.” அவளுக்கு அழுகை முட்டியது. “மன்னிச்சிருங்கண்ணே. நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!”

“அதுதான் ஒட்டிக்கொண்டுது. வீட்டோட வீடு; இப்பிடி ஒட்டினது கரையாது, திரும்பியும் வராது. தூணில வீட்டை நினைக்கக் கூடாது எண்டு நான் சொல்லி விடேல்ல, பிழை என்ர. அழாதேங்கோ. என்ர மனிசி இண்டைக்கு வந்து கூட்டிக்கொண்டு போவா. நீங்க சொல்லுங்கோ, நான் எழுதுறன்.”

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். டிராம் எண்ணைச் சொன்னாள், பாலத்தைச் சொன்னாள். “அந்த சைக்கிள் கடைக்காரரு வாசல்ல நாய் படுத்திருக்கும்ணே, மிதிச்சிராதீங்க” என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

“இருபது வருசமா நான் நடந்த தெருவை, அதை ஒருநாளும் காணாத ஒரு பொம்பிளை எனக்குச் சொல்லித் தாறா. ஓம், எழுதிட்டன். ஆனா கடதாசியில இருக்கிறது கால்ல ஏற நாள் பிடிக்கும். இடையில மறந்தா எடுத்துக் கேப்பன். குறை நினைக்கக் கூடாது.”

“எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கண்ணே. நடுக்கோர்ட்டுல நின்னாலும் எடுப்பேன்.”

பணிப்பெண் வந்து கைப்பேசியை அணைக்கச் சொன்னாள். விமானம் எழும்பியது. மேகத்துக்கு மேலே போன பிறகும், கீழே ஏதோ ஓர் ஊரில் ஒரு பாலத்தைக் கடந்து நாலாம் மாடிக்கு ஏறிப் போகிற வழி அவளுக்குள் தெளிவாக இருந்தது. தெரியாத அந்த வீட்டுக்காக அவள் செபம் சொன்னாள்.

மறுநாள் மாலை நாலு மணி. ட்ரோம்சோவில் ரோஸ்லின் குடியிருந்த சிறிய வீட்டின் முன்னறையில், ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து அனிஷாவின் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். காலையில் நீதிபதி இரண்டு மணி நேரம் விசாரித்தார். கடைசியில், தாள்கள் எல்லாம் முடிய இரண்டு வாரம் ஆகும், அதுவரை பிள்ளை பெரியம்மாவோடு இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்றார். வளர்ப்புத் தாய் அழுதுகொண்டே பிள்ளையின் கம்பளிக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டுப் போனாள். ஜெசிந்தா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும்தான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது, நாலு மாதத்துக்கு.

கடைக்குப் போய்ப் பால் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அனிஷா இதுவரை பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டினாள், அல்லது நோர்வே மொழியில் ஒற்றைச் சொல். தமிழ் மறந்துவிட்டதோ என்று ஜெசிந்தாவுக்குப் பயம். கேட்கவும் பயம்.

கைப்பேசி அடித்தது. கை இரண்டும் கயிற்றில் இருந்ததால், அதைத் தரையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டாள்.

“தங்கச்சி, குகதாசன். டிராமால இறங்கிட்டன். இனி எந்தப் பக்கம்?”

“பேப்பர் எங்கண்ணே?”

“அது… எங்கயோ விட்டிட்டன். சொல்லுங்கோவன்.”

“சரி. பாலம் முதுகுப் பக்கம் இருக்கா? அப்படியே நேரா வாங்க. சைக்கிள் கடை தெரியுதா?”

“ஓம், தெரியுது.”

“நாயி?”

“ஓம் ஓம், நாயும் நிக்குது.”

“படுத்துல்லா கெடக்கும்!” என்றாள். “இப்ப சந்துல திரும்புங்க. ரோட்டைப் பாத்துத் தாண்டுங்கண்ணே, அவசரம் வேண்டாம்.”

அப்போது அனிஷா தலையை நிமிர்த்தினாள். கைப்பேசியைப் பார்த்தாள். குனிந்து அதனிடம் காதைக் கொண்டுபோனாள்.

“பெரியம்மா,” என்றாள், தமிழில், தெளிவாக. “இவங்க ரோட்டுல இல்ல. வீட்டுலதான் இருக்காங்க. குக்கர் விசிலடிக்குது.”

ஜெசிந்தாவும் குனிந்தாள். அவளுக்கும் கேட்டது. நீளமாக ஒரு விசில்.

“அண்ணே?” என்றாள்.

குகதாசன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பேசியபோது குரல் கரகரத்திருந்தது.

“நேற்று மனிசி கூட்டிக்கொண்டு வந்தா. இண்டைக்கு நானே கடதாசியைப் பாத்து வந்திட்டன். கோர்ட்டில என்ன நடந்தது எண்டு கேக்கத்தான் எடுத்தன். கேக்கப் பயமா இருந்துது. வழியைக் கேட்டுக்கொண்டிருந்தா, உங்கட குரல்ல விளங்கிடும் எண்டு நினைச்சன்.” மூக்கை உறிஞ்சினார். “இனிக் கேக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு நல்ல காது.”

ஜெசிந்தா கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அனிஷா கைப்பேசியைத் தரையிலிருந்து எடுத்தாள். இரண்டு கையாலும் வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

“ஹலோ மாமா,” என்றாள். “உங்க வீட்டுல குக்கர்ல என்ன இருக்கு?”

“பருப்பு, அம்மா,” என்றார் குகதாசன்.

“எங்க வீட்டுலயும் குக்கர் இருக்கு,” என்றாள் அனிஷா. பிறகு பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்து, “பருப்பு கிடைக்கிற கடை எனக்குத் தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன்,” என்றாள்.